கனிகளைத் தீட்டிய ஷார்தேன்

மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கி வந்த கொய்யாவையும் சப்போட்டாவையும் தட்டில் அடுக்கி, பாஸ்டல் கட்டிகளால் வரைந்து பழகுகிறோம் நாம். பழத்தை வரைவது தொடக்கநிலைப் பயிற்சிதானே என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரிலும் அவ்வெண்ணமே நிலவியது. அதை மாற்றிக் காட்டியவர் ழான் சிமேயோன் ஷார்தேன் என்னும் ஓவியர்.

இவர் 1699-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். தந்தையார் தச்சர், மன்னருக்குப் பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்து கொடுத்தவர். அக்காலத்தில் வேதாகமக் காட்சிகளையும் வரலாற்றுக் காட்சிகளையும் தீட்டுவோருக்கே முதல் மரியாதை. கனிகளையும் பாத்திரங்களையும் தீட்டுவோர் கடைசிப் படியில் நின்றனர். இளமையில் ஷார்தேனிடம் ஒரு முயலை வரையக் கொடுத்தார்களாம். அவர் அதன் உரோமத்தை மயிர் மயிராக வரையவில்லை. முன்பு கண்ட படங்களையெல்லாம் மறந்துவிட்டு, எட்ட நின்று, கண்ணுக்குத் தெரியும் நிறத்தையும் ஒளியையும் மட்டுமே தீட்டினார். அவருடைய கலை அன்றே பிறந்தது எனலாம்.

1728-இல் அரசு ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. மிருகங்களையும் கனிகளையும் தீட்டுபவர் என்றே பதிவாயிற்று. 1755-இல் கழகத்தின் பொருளாளரானார். கண்காட்சியில் யாருடைய படம் எங்கே தொங்கவேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவருக்கு வந்தது. பகைவரைத் தேடித்தரும் வேலை அது! 1757-இல் மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு லூவர் மாளிகையிலேயே குடியிருக்க இடம் அளித்தார்.

1761-இல் காட்சிக்கு வைத்த அவருடைய எண்ணெய் வண்ணப் படம் ஒன்றில் இருப்பவை ஒரு கூடைக் காட்டு ஸ்ட்ராபெர்ரி, ஒரு குவளைத் தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூக்கள், ஒரு பீச் பழம், இரண்டு செர்ரிகள், அவ்வளவே. 2022-இல் அது 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. நாட்டை விட்டுப் போகவிடாமல் பொதுமக்களும் நன்கொடை திரட்டித் தர, 2024-இல் லூவர் அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது.

இல்வாழ்வில் அவருக்குத் துன்பங்கள் மிகுதி. 1731-இல் மணந்த மனைவி நான்கே ஆண்டுகளில் இறந்தார். சிறு மகளும் மறைந்தாள். ஓவியராக வளர்ந்த ஒரே மகனும் தந்தைக்கு முன்பே வெனிஸ் நகரில் மாண்டார்.

எழுபது வயதை எட்டியபோது பார்வையும் மங்கியது. பல்லாண்டுகள் கையாண்ட ஈய வண்ணங்களும் எண்ணெயுமே கண்ணைக் கெடுத்தன என்று கருதப்படுகிறது. வேறொருவராயின் ஓய்ந்திருப்பார். ஷார்தேனோ பாஸ்டலை எடுத்தார்.

பாண்டி பஜார் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கும் ஆயில் பாஸ்டல் வேறு, இது வேறு. வண்ணப்பொடியில் சிறிதளவே பசை சேர்த்து உருட்டிய மென்மையான கட்டி இது; சொரசொரப்பான தாளில்தான் ஒட்டும். எண்ணெய் இல்லை, உலரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விரல் பட்டால் கலைந்துவிடும். நம் ஊர் வியர்வைக் கையோ கேட்கவே வேண்டாம்! வண்ணங்களைத் தட்டில் குழைக்க வழியில்லை. தாளின்மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கோடிட வேண்டும். எட்ட நின்று பார்க்கும் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். முயலை வரைந்த நாள் முதல் அவர் பழகியது இதைத்தானே!

இப்போது அவர் பாஸ்டலில் தீட்டியது கனிகளை அன்று, முகங்களை. 1771-இல் மூக்குக்கண்ணாடியும் தலைக்கட்டுமாகத் தம்மையே வரைந்தார். 1775-இல் கண் கூசாதிருக்க நெற்றியில் மறைப்பு அணிந்த கோலத்தில் மீண்டும் வரைந்தார். அதே ஆண்டு இரண்டாம் மனைவியாரின் முகத்தையும் தீட்டினார். கன்னத்தில் நீலக் கோடு, பச்சைக் கோடு, சிவப்புக் கோடு எல்லாம் தனித்தனியே தெரியும். பழத்தோலின் நிறத்தை எவ்வளவு பொறுமையாகப் பார்த்தாரோ, அதே பொறுமையுடன் தம் சுருக்கங்களையும் பார்த்திருக்கிறார். முதுமையை மறைக்க முயலவேயில்லை என்பதே எங்களுக்கு வியப்பு.

1779-இல், எண்பதாம் வயதை நெருங்கும்போதும் கண்காட்சிக்குப் பாஸ்டல் முகங்களை அனுப்பினார். அவற்றுள் ஓர் இளம் பணியாளனின் படத்தை மன்னர் மகள் விக்தோர் விரும்பினார்; ஓவியர் விலை வாங்க மறுக்கவே, பொன்னாலான மூக்குப்பொடிச் சிமிழைப் பரிசாக அனுப்பினார். அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் ஷார்தேன் காலமானார். கையில் சிவப்புப் பாஸ்டலுடன் சித்திரப் பலகை முன் அமர்ந்திருக்கும் அவருடைய கடைசித் தன்னுருவப்படம் லூவரில் உள்ளது. ஒளி அதிகம் பட்டால் தாளும் வண்ணமும் கெடும் என்பதால் அதை எப்போதும் காட்சியில் வைப்பதில்லை.