பாறையைக் குடைந்தான், ஏரிக்குப் பெயர் தந்தான்: மகேந்திரவர்மன்

அரக்கோணத்தில் இருந்து காட்பாடி செல்லும் ரயில் பாதையில், சோளிங்கர் ரயில் நிலையத்துக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் மகேந்திரவாடி உள்ளது. ஒற்றைப் பாறையைக் குடைந்து எடுத்த சிறிய பெருமாள் கோயிலும், அதையொட்டிப் பரந்து கிடக்கும் ஏரியும் இவ்வூரின் அடையாளங்கள். இரண்டும் ஒரே மன்னனின் பெயரைச் சுமந்து 1,400 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அவன் முதலாம் மகேந்திரவர்மன்.

பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் மகனான மகேந்திரவர்மன், காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு சுமார் கி.பி. 600 முதல் 630 வரை ஆண்டான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் எடுத்ததைக் கல்வெட்டில் பெருமையோடு பதிவு செய்தவன். பல்லாவரம், மாமண்டூர், தளவானூர், சீயமங்கலம், திருச்சி மலைக்கோட்டை எனப் பல இடங்களில் அவன் குடைந்த கோயில்கள் உள்ளன. மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தையும் வடமொழியில் எழுதினான். சமண சமயத்தைச் சார்ந்திருந்த அவன், திருநாவுக்கரசரால் சைவத்துக்கு மாறினான் என்பது மரபு.

அவனது ஆட்சி அமைதியாகக் கழியவில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வடபகுதிகளைக் கைப்பற்றி, காஞ்சி வரை படை நடத்தி வந்தான். காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. வடக்கே இழந்த நிலம் திரும்பவில்லை. காஞ்சியைச் சுற்றியுள்ள தொண்டை நாட்டின் விளைச்சலை நம்பித்தான் அரசும் படையும் இருந்தன.

தொண்டை நாட்டில் காவிரி போன்ற பெரிய ஆறு இல்லை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து 348 கி.மீ. ஓடும் பாலாறு, மழை பெய்த சில நாட்கள் கரைபுரளும்; மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீரை நிறுத்தி வைக்காவிட்டால் முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. இரண்டுக்கும் ஒரே மருந்து ஏரிதான்.

மகேந்திரவாடிக் கோயில் தூணில் உள்ள கல்வெட்டு, குணபரன் என்ற பட்டப்பெயர் கொண்ட மன்னன், மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து முராரிக்குக் கோயில் எடுத்ததைக் கூறுகிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் அவன் தன் பெயரையே வைத்தான். திருச்சிக் குடைவரைக் கல்வெட்டிலோ, நதிகளை விரும்பும் சிவன் காவிரி மீது மையல் கொண்டுவிடுவாரோ என்று உமை அஞ்சி, அந்த நதி பல்லவனின் காதலி என்று சொல்லி வைப்பதாகக் கற்பனை செய்திருக்கிறார்கள். தண்ணீரோடு சேர்த்துத் தன்னை நினைக்க வேண்டும் என்பதில் அவனுக்கு ஆசை இருந்தது.

அவன் மகன் நரசிம்மவர்மன் வாதாபியை வென்று பழி தீர்த்தான். அடுத்து வந்தவர்கள் ஏரிப் பணியைத் தொடர்ந்தார்கள். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றில் இருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டிப் பரமேசுவர தடாகத்தை நிரப்பியதைச் சொல்கிறது. சோழர் காலத்தில் உத்திரமேரூரில் ஏரியைப் பராமரிக்கவே ஏரி வாரியம் இருந்தது. உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றும் வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டில் இருந்து மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், கோவிந்தவாடி, சக்கரமல்லூர், தூசி ஆகிய கால்வாய்கள் பிரிகின்றன. இவை வழியாக ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புகின்றன. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாறாகிப் பூண்டி நீர்த்தேக்கத்தைச் சேருகிறது. ஆகவே நம் பகுதி ஏரிகள் பாசனத்துக்கு மட்டுமல்ல. கீழே உள்ள ஊர்களுக்கு வெள்ளத் தடுப்பும் கூட. மேலே ஓர் ஏரி பிடித்து வைக்கும் ஒவ்வொரு நாளும், கீழே ஆறு ஒரே நேரத்தில் பெருகாமல் காக்கிறது. நின்ற நீர் கிணறுகளுக்கும் ஊறுகிறது.

சங்கிலித் தொடருக்கு ஆபத்தும் உண்டு. மேல் ஏரி உடைந்தால் அந்த நீர் மொத்தமும் கீழ் ஏரியின் மேல் வந்து விழும். 1903 நவம்பரில் பாலாற்றின் மேல்பகுதியில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து, வாணியம்பாடியில் ஏராளமான உயிர்கள் பலியாயின. 2021 நவம்பரிலும் பாலாறு கரைபுரண்டு வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் பயிரை அழித்தது. வெள்ளம் வந்தால் அரக்கோணத்தில் முகாமிட்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையில் இருந்தும் மீட்புப் படகுகள் புறப்படுகின்றன. படகு வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஏரிக்கரையில் இருக்கிறது.

மன்னன் கட்டிய கரையை அடுத்த மன்னன் காத்தான். பிறகு ஊர்ச்சபை காத்தது. இப்போது நீர்வளத் துறையோடு சேர்ந்து காக்க வேண்டியவர்கள் ஆயக்கட்டுதாரர்கள். புரட்டாசிக்குள் சில வேலைகளை முடித்துவிட வேண்டும். வரத்துக் கால்வாயில் மண், முள்செடி, ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். மதகுப் பலகை ஏறி இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். கரையில் எலி வளையும் மரவேரும் விட்ட ஓட்டைகளை அடைக்க வேண்டும். அனுமதி பெற்று வண்டல் எடுத்தால் வயலுக்கும் உரம், ஏரிக்கும் ஆழம். ஆனால் கரையடியில் தோண்டக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கலங்கல். கூடுதல் நீர் தேக்கும் ஆசையில் அதன் மேல் மணல் மூட்டை அடுக்கினால் கரைக்கு ஆபத்து. ஏரிக்குள் பயிர் வைத்தவர் அதை உடைத்தால் ஆயக்கட்டு காய்ந்துவிடும். கலங்கலில் இருந்து போகும் உபரி நீர்க் கால்வாயும் அடுத்த ஏரி வரை திறந்திருக்க வேண்டும். நம் ஏரியின் கடைசி வாய்க்கால்தான் அடுத்த ஊர் ஏரியின் முதல் வாய்க்கால்.

போரில் மகேந்திரவர்மன் இழந்த நாடுகளை இன்று யாரும் நினைப்பதில்லை. அவன் பெயர் கொண்ட ஏரியில் தண்ணீர் நிற்கும் ஆண்டெல்லாம் அவன் பெயரும் நிற்கிறது.