கடல் கடந்து வந்த அச்சியந்திரம்

விடுமுறைப் பயணம் முடிந்து வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியர் எதனைக் கொணர்தல் வேண்டும்? இவ்வினா எழுந்தோறும் யான் ஆறுமுக நாவலரையே நினைப்பேன்.

1822 இல் நல்லூரிற் பிறந்த அப்பெரியார், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி எழுந்தது, மாணாக்கரும் வந்தனர், அவர்க்கேற்ற சைவப் பாடநூல்கள் இல்லை. ஓர் ஏட்டுச்சுவடி ஒருவர் கைக்கு உதவும். ஒரு வகுப்புக்கு உதவாது.

அக்குறை நீக்கக் கருதி, 1849 இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்தம் புலமையை வியந்து 'நாவலர்' என்னும் பட்டம் ஈந்தனர். பட்டத்தோடு அவர் அமைந்தாரல்லர். அச்சியந்திரத்தோடு மீண்டு, வித்தியாநுபாலன இயந்திரசாலையை நிறுவினார். சிறுவர்க்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். பண்டை நூல்களையும் உரைநடை நூல்களையும் பிழையற அச்சேற்றினார். இல்லறம் நாடாது, 1879 இல் மறையுங்காறும் கல்விக்கும் சமயத்துக்குமே உழைத்தார்.

அப்பயணத்தின் பின் அவர்தம் வகுப்பு நான்கு சுவருள் அடங்கவில்லை. பாலபாடம் சென்ற வீடுகளெல்லாம் அவர் பள்ளியாயின. சென்ற ஊர்களின் சிறப்பை மாணாக்கர்க்கு உரைத்தல் நன்றே. அவர்க்கு இல்லாத ஒன்றைத் தேடிக் கொணர்ந்து, அதனால் நாளைய பாடத்தைத் தொடங்குதல் அதனினும் நன்று.