சமத்துவ வழிபாட்டுக்காக ஒரு பங்கை உருவாக்கிய அப்சலோம் ஜோன்ஸ்

அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் திருச்சபை தனது திருநாட்காட்டியில் பெப்ரவரி 13 ஆம் திகதியை அப்சலோம் ஜோன்ஸ் என்பவரின் நினைவு நாளாக அனுஷ்டித்து வருகிறது. இலங்கைத் திருச்சபையும் அங்கம் வகிக்கும் உலகளாவிய அங்கிலிக்கன் குடும்பத்தின் அமெரிக்கக் கிளையே எப்பிஸ்கோப்பல் திருச்சபையாகும். அத்திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் என்ற வகையில் ஜோன்ஸ் பரவலாக அறியப்பட்டுள்ளார். ஆயினும், அவரது வாழ்வின் பெறுமதி அந்தப் பட்டத்துடன் முடிந்துவிடுவதில்லை. இறைவனின் இல்லத்திலேயே தாழ்த்தப்பட்ட மக்கள், தமது விசுவாசத்தைக் கைவிடாமலும் தன்மானத்தை விட்டுக்கொடுக்காமலும் கூடி வாழ்வதற்கு ஒரு பங்கை அவர் கட்டியெழுப்பினார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

அப்சலோம் ஜோன்ஸ் 1746 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் திகதி, அக்காலத்தில் பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த டெலவெயரில் அடிமையாகப் பிறந்தார். சிறுவயதிலேயே வயலிலிருந்து எசமானின் வீட்டுப் பணிக்கு எடுக்கப்பட்ட அவர், விருந்தினர் கொடுத்த சில்லறைக் காசுகளைச் சேமித்து ஓர் அரிச்சுவடியை வாங்கினார். பின்னர் புதிய ஏற்பாட்டு நூலொன்றையும் வாங்கிக்கொண்டார். எழுத்தறிந்தவர்களைக் கண்ட இடமெல்லாம் மன்றாடிக் கேட்டே அவர் வாசிக்கப் பழகினார்.

1762 ஆம் ஆண்டு, ஜோன்ஸுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, அவரது தாயும் சகோதரியும் ஐந்து சகோதரர்களும் விற்கப்பட்டனர். அவர் மாத்திரம் எசமானுடன் பிலடெல்பியா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே எசமானின் கடையில் பகல் முழுவதும் உழைத்த அவர், இரவில் தாய்க்கும் சகோதரர்களுக்கும் கடிதம் எழுதுவதற்காகவே எழுத்துப் பயிற்சியில் ஈடுபட்டார். 1766 இல் கறுப்பின மக்களுக்கான இரவுப் பாடசாலையொன்றில் சேர்ந்து கணக்கும் பயின்றார். கல்வி அவருக்கு முதன்முதலில் பயன்பட்டது, பிரிந்துபோன உறவைத் தேடும் கருவியாகவே என்பது மனத்தைத் தொடுவதாகும்.

1770 இல் ஜோன்ஸ், மற்றொரு வீட்டில் அடிமையாக இருந்த மேரி என்ற பெண்ணை மணந்தார். பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்பது அன்றைய சட்டம். தந்தை விடுதலை பெற்றாலும் தாய் அடிமையாயின் பிள்ளைகளும் அடிமைகளே. எனவே, தமது விடுதலைக்கு முன்னர் மனைவியின் விடுதலையை விலைகொடுத்து வாங்க ஜோன்ஸ் தீர்மானித்தார். நன்கொடையாகவும் கடனாகவும் பணம் திரட்டி மனைவியை மீட்டார். அந்தக் கடனை அடைப்பதற்காகப் பல ஆண்டுகள் நள்ளிரவு வரை உழைத்தார். அதன் பின்னர் தமது விடுதலைக்கான பணத்தையும் சேமித்து, எசமானிடம் மீண்டும் மீண்டும் வேண்டுகோள் விடுத்தார். 1784 ஆம் ஆண்டிலேயே அவருக்கு விடுதலைப் பத்திரம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. விடுதலை பெற்ற பின்னரும் அதே எசமானின் கடையில் கூலிக்குப் பணியாற்றினார் என்பதிலிருந்து அவரது பொறுமையும் அக்காலத்தின் நெருக்கடியும் ஒருங்கே புலப்படுகின்றன.

பிலடெல்பியாவின் சென். ஜோர்ஜ் மெதடிஸ்த ஆலயத்தில் ஜோன்ஸ் உறுப்பினராக இருந்தார். அவரைவிட வயதில் இளையவரும் அடிமை நிலையிலிருந்து மீண்டவருமான ரிச்சர்ட் அலன் அங்கே அவரது உற்ற தோழரானார். இருவரும் ஆற்றிய போதனைகளால் கறுப்பின மக்கள் பெருமளவில் அந்த ஆலயத்தை நாடினர். எண்ணிக்கை பெருகப் பெருக ஆலய நிர்வாகிகளின் மனம் சுருங்கியது. வழமையான இருக்கைகளிலிருந்து கறுப்பின மக்கள் அகற்றப்பட்டுச் சுவரோரங்களில் நிறுத்தப்பட்டனர். ஆலயத்தை விரிவுபடுத்துவதற்கு அம்மக்களும் பணமும் உழைப்பும் கொடுத்திருந்தனர். ஆனால், வேலை முடிந்ததும் மேல்மாடத்துக்குச் செல்லுமாறு அவர்களுக்குப் பணிக்கப்பட்டது.

ஒரு ஞாயிறு காலை, அனைவரும் மண்டியிட்டுப் பிரார்த்தித்துக் கொண்டிருந்த வேளையில், நிர்வாகி ஒருவர் ஜோன்ஸைப் பிடித்துத் தூக்கி, அந்த இடத்தில் மண்டியிடக் கூடாது எனக் கூறினார். பிரார்த்தனை முடியும்வரை பொறுத்திருக்குமாறு ஜோன்ஸ் வேண்டினார். நிர்வாகி இணங்கவில்லை. மற்றொருவரையும் உதவிக்கு அழைத்தார். பிரார்த்தனை முடிவுற்றதும் கறுப்பின மக்கள் யாவரும் ஒருவர்போல எழுந்து ஆலயத்தைவிட்டு வெளியேறினர். அலன் தமது நினைவுக்குறிப்பில் இச்சம்பவத்தை 1787 ஆம் ஆண்டுக்குரியதாக எழுதியுள்ளார். மேல்மாடம் கட்டப்பட்ட காலத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் பலர் 1792 அளவில் நிகழ்ந்ததெனக் கருதுகின்றனர். ஆண்டு எதுவாயினும், தொழுகையில் இருந்த மனிதனைத் தோளைப் பற்றித் தூக்கிய அந்தச் செயல், அமெரிக்க சமய வரலாற்றின் திசையையே மாற்றியது.

வெளியேறியவர்கள் சிதறிப்போகாமல் இருந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 1787 ஏப்ரலில் ஜோன்ஸும் அலனும் இணைந்து சுதந்திர ஆபிரிக்கர் சங்கத்தை நிறுவியிருந்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்தினர். ஓராண்டு நிறைவுற்ற பின்னர், தேவையுற்ற உறுப்பினருக்கு வாரந்தோறும் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் ஆதரிக்கப்பட்டனர். ஆலயம் எழுவதற்கு முன்னரே ஆலயத்துக்குரிய பணி தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள். பசித்தவரையும் நோயுற்றவரையும் நினைக்கப் பழகிய ஒரு சமூகமே பின்னர் வழிபாட்டுச் சமூகமாக உருவெடுத்தது.

புதிய ஆலயத்தின் கட்டட வேலை 1793 இல் நடைபெற்றது. ஆகஸ்ட் மாதத்தில் கூரை ஏற்றப்பட்ட நாளன்று விருந்தொன்று இடம்பெற்றது. முதலில் வெள்ளையினத் தொழிலாளர் அமர்ந்துண்ணக் கறுப்பினத்தவர் பரிமாறினர். பின்னர் கறுப்பினத்தவர் அமர வெள்ளையினப் பிரமுகர் சிலர் பரிமாறினர். அந்நகரில் அது அரிதினும் அரிதான காட்சி. ஆனால் அதே நாட்களில் மஞ்சட் காய்ச்சல் பிலடெல்பியாவைத் தாக்கியது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரில் சில மாதங்களுக்குள் சுமார் 5,000 பேர் மாண்டனர். வசதி படைத்தோர் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு ஓடினர்.

கறுப்பின மக்களை இந்நோய் தொற்றாது எனப் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பினார். அவருடைய வேண்டுகோளை ஏற்று ஜோன்ஸும் அலனும் தமது மக்களைத் திரட்டினர். நோயாளரைப் பராமரித்தல், இறந்தோரை எடுத்துச் சென்று அடக்கம் செய்தல், பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் காத்தல் ஆகிய பணிகள் அவர்கள் தோள்களில் விழுந்தன. மருத்துவரின் நம்பிக்கை தவறானது என்பது விரைவிலேயே தெரியவந்தது. கறுப்பின மக்களும் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அப்படியிருந்தும் பணி நிற்கவில்லை. இந்நோயை நுளம்புகளே பரப்புகின்றன என்பது 1900 ஆம் ஆண்டளவிலேயே உறுதிசெய்யப்பட்டது. அன்று பணியாற்றியோர், எதனால் மரணம் வருகிறது என்று அறியாமலேயே அதன் வாசலுக்குச் சென்றனர்.

அதற்குக் கிடைத்த பரிசு அவதூறாகும். நோயாளரைப் பராமரித்த கறுப்பினத்தவர் அளவுக்கு மீறிப் பணம் பறித்தனர் என்றும் வீடுகளில் திருடினர் என்றும் பதிப்பாளர் மத்தியூ கேரி தமது நூலில் குற்றஞ்சாட்டினார். ஜோன்ஸும் அலனும் 1794 இல் சிறு நூலொன்றை வெளியிட்டுப் பதிலளித்தனர். வரவையும் செலவையும் கணக்கிட்டுக் காட்டி, தாம் பெற்ற பணத்திலும் செலவழித்த பணமே அதிகம் என்பதை நிறுவினர். வசைக்கு வசை கூறாமல் கணக்கேட்டைத் திறந்து காட்டிய அந்நூல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் தமது மதிப்பைக் காப்பதற்கு அச்சு ஊடகத்தைப் பயன்படுத்திய ஆரம்ப முயற்சிகளுள் முக்கியமானதாகும்.

1794 ஜூலை 17 ஆம் திகதி புதிய ஆலயம் வழிபாட்டுக்காகத் திறக்கப்பட்டது. எந்தத் திருச்சபையுடன் இணைவது என்ற கேள்வி அதற்கு முன்னரே எழுந்திருந்தது. ஜோன்ஸும் அலனும் மெதடிஸ்த மரபையே விரும்பினர். பெரும்பான்மையோர் எப்பிஸ்கோப்பல் திருச்சபையைத் தெரிவுசெய்தனர். அலன் தம் மரபைவிட்டு வர இணங்காது தனியே சென்று பெத்தேல் ஆலயத்தை அமைத்தார். ஜோன்ஸ் தமது விருப்பத்தை ஒதுக்கி வைத்து, மக்களின் தீர்மானத்துக்குத் தலைவணங்கினார். தோழமை முறியவில்லை என்பதும், பிற்காலப் போராட்டங்களில் இருவரும் ஒன்றாகவே நின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கன.

எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் இணைவதற்கு அம்மக்கள் மூன்று நிபந்தனைகளை முன்வைத்தனர். ஏற்கெனவே ஒழுங்கமைந்த சமூகமாகத் தம்மை ஏற்க வேண்டும் என்பது முதலாவது. ஆலயத்தின் உள்விவகாரங்கள் தமது பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஜோன்ஸுக்கு வழிபாட்டை நடத்தும் அனுமதி வழங்கி, தகுதி காணப்படின் குருவாகவும் அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றும் ஏற்கப்பட்டன. ஆலயம் சென். தோமஸ் ஆபிரிக்க எப்பிஸ்கோப்பல் ஆலயம் எனப் பெயர் பெற்றது. பேராயர் வில்லியம் வைட் 1795 இல் ஜோன்ஸை உதவிக்குருவாகவும், சில ஆண்டுகளின் பின்னர் குருவாகவும் அபிஷேகம் செய்தார்.

ஆனால் இதற்குள்ளும் ஒரு முள் இருந்தது. குருப்பட்டம் பெறுவோர் கிரேக்கமும் இலத்தீனும் கற்றிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து ஜோன்ஸுக்கு விலக்களிக்கப்பட்டது. அதற்கு ஈடாக, மறைமாவட்டப் பேரவையில் அப்பங்கு பிரதிநிதிகளை அனுப்பவோ வாக்களிக்கவோ முடியாது என விதிக்கப்பட்டது. அடிமையாக இருந்தவருக்குப் பண்டைய மொழிகளைக் கற்கும் வாய்ப்பை மறுத்த சமுதாயமே, அக்குறையைக் காட்டி ஒரு பங்கின் குரலையும் பறித்துக்கொண்டது. அந்த வாக்குரிமை 1860களிலேயே கிடைத்தது. ஜோன்ஸ் அதைக் காண உயிருடன் இருக்கவில்லை.

இந்த அநீதியை அறிந்தே அவர் பங்குப் பணியை ஏற்றார். முதலாவது ஆண்டிலேயே உறுப்பினர் தொகை 500 ஐத் தாண்டியது. வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்திப்பதும் மென்மையாகப் பேசுவதுமே அவரை அனைவருக்கும் உரியவராக்கின. பிள்ளைகளுக்கான பாடசாலையும் பரஸ்பர உதவிச் சங்கங்களும் ஆலயத்தைச் சூழ்ந்து வளர்ந்தன. பாய்க்கப்பல்களுக்கான பாய்களைத் தயாரிக்கும் தொழிலில் செல்வந்தராகி, அடிமை ஒழிப்புக்காக உழைத்த ஜேம்ஸ் ஃபோர்ட்டன் இப்பங்கின் நிர்வாகிகளுள் ஒருவராவார். விசுவாசத்தில் வளர்வது என்பது அந்த மக்களுக்கு ஞாயிறு வழிபாட்டுடன் நின்றுவிடவில்லை. எழுதப் படிக்கக் கற்பதும், சேமிப்பதும், விதவையின் வீட்டு வாடகையைப் பற்றிச் சிந்திப்பதும், சட்டமன்றத்துக்கு மனுச் செய்வதும் அதன் பகுதிகளாயின.

1799 ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன்ஸும் பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பினத்தவர் 70 இற்கும் மேற்பட்டோரும் கையொப்பமிட்ட மனுவொன்று அமெரிக்கக் காங்கிரஸுக்கு அனுப்பப்பட்டது. அடிமை வர்த்தகத்தையும், தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதற்கான 1793 ஆம் ஆண்டுச் சட்டத்தின் போர்வையில் சுதந்திர மனிதர்கள் கடத்தப்படுவதையும் அது எதிர்த்தது. பிரதிநிதிகள் சபை 85 இற்கு 1 என்ற வாக்குகளால் அவ்வேண்டுகோளைப் புறந்தள்ளியது. ஜோன்ஸ் மனந்தளரவில்லை.

வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்யும் சட்டம் 1808 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அவர் தமது ஆலயத்தில் நன்றியறிதல் பிரசங்கம் நிகழ்த்தினார். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களின் துயரத்தைக் கண்டு இறைவன் அவர்களை விடுவித்த வரலாறே அப்பிரசங்கத்தின் அடிப்படை. மோசே என்று கிறிஸ்தவர்களும் மூஸா நபி என்று முஸ்லிம்களும் போற்றும் அப்பெருந்தகையின் காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் அழுகுரலைக் கேட்ட இறைவன், ஆபிரிக்க மக்களின் அழுகுரலையும் கேட்டான் என்பதே அவர் உணர்த்திய செய்தி. அந்நாளை ஆண்டுதோறும் நன்றி நாளாகக் கொண்டாடுமாறும் அவர் கேட்டுக்கொண்டார். நாட்டுக்குள் அடிமைமுறை அப்போதும் நீடித்தது. பாதி வழியில் நின்றுகொண்டே நன்றி கூறவும், மீதி வழியை மறவாதிருக்கவும் அவர் தம் மக்களுக்குக் கற்பித்தார்.

1818 பெப்ரவரி 13 ஆம் திகதி ஜோன்ஸ் பிலடெல்பியாவில் காலமானார். அவர் உருவாக்கிய பங்கு இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் அதே நகரில் இயங்குகிறது. 2006 இல் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுப் பேரவை, அடிமைமுறைக்குத் துணைபோன தனது கடந்த காலத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதற்கான மனந்திரும்புதல் வழிபாடு 2008 ஒக்டோபரில் சென். தோமஸ் ஆலயத்திலேயே நடத்தப்பட்டது. ஒரு காலத்தில் பேரவையில் இடம் மறுக்கப்பட்ட பங்கின் வாசலுக்கு, அந்தத் திருச்சபையின் தலைமையே வந்து தலைதாழ்த்தியது.

கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும், வழிபாட்டுத் தலமொன்றின் உயர்வை அதன் கோபுரம் தீர்மானிப்பதில்லை. உள்ளே வருகின்ற கடைசி மனிதன் எங்கே அமர வைக்கப்படுகிறான் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. தம்மை எழுப்பிய கரங்களை ஜோன்ஸ் சபிக்கவில்லை. அந்த இடத்துக்கு மீண்டும் பணிந்து செல்லவுமில்லை. எவரும் எவரையும் எழுப்பிவிட முடியாத ஓர் ஆலயத்தைக் கட்டினார். ஒதுக்கப்பட்டோர் எங்கெல்லாம் உள்ளனரோ அங்கெல்லாம் அவருடைய வாழ்வு படிக்கப்பட வேண்டியதாகும்; ஒதுக்குவோர் உள்ள இடங்களில் அது இன்னும் கவனமாகப் படிக்கப்பட வேண்டும்.