கிள்ளானைக் காய்ச்சலிலிருந்து மீட்ட டாக்டர் மால்கம் வாட்சன்



நம்மவர்களில் பலர் கடை வைத்துப் பிழைக்கும் கிள்ளான் பட்டணம் ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன ஊராக இருந்தது. வேலைக்கென்று வந்தவர்கள் வந்த வேகத்திலேயே படுக்கையில் விழுந்தார்கள். விழுந்தவர்களில் பலர் எழவில்லை. அந்த ஊரை, குடும்பத்தோடு வாழத் தக்க ஊராக மாற்றிய பெருமை பலருக்கு உண்டு. அவர்களுள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் டாக்டர் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். வைத்திய உலகம் நன்கறிந்த இவரை, இவர் உழைத்த ஊரில் வாழும் நாம் மறந்துவிட்டோம். நான் வைத்தியம் படித்தவனல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தந்த படிப்போடு கடை நடத்துபவன். என்றாலும் இவருடைய வாழ்க்கையில் கடைக்காரனுக்கு விளங்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. அதனாலேயே எழுதத் துணிந்தேன்.

வாட்சன் 1873-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளாஸ்கோ நகரை ஒட்டிய காத்கார்ட் என்னும் ஊரில் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். 1900-ல் மலாய் நாடுகளின் அரசாங்க வைத்திய இலாகாவில் சேர்ந்து, 1901 ஜனவரியில் கிள்ளான் வட்டார வைத்தியராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

அன்றைய கிள்ளான் மூவாயிரத்து ஐந்நூறு பேர் அளவில் வாழ்ந்த சிறிய ஊர். ஊருக்குள்ளேயே சதுப்பு நிலமும் புதர்க்காடும் இருந்தன. சுற்றியிருந்த சிறு குன்றுகளின் அடியில் ஊற்றுநீர் கசிந்து தேங்கிக் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆற்று முகத்துவாரத்தருகே போர்ட் சுவெட்டென்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம் அதுதான். கண்டல் காடு நிறைந்த, கடல்நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். திறந்த சில வாரங்களுக்குள் கூலியாட்களும் உத்தியோகஸ்தர்களும் கப்பலில் வந்தவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று சர்க்கார் யோசிக்கும் நிலை வந்தது.

மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றினால் வருகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1897-ல் நம் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் ராணுவ வைத்தியர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு பிடித்தார். அனாபிலிஸ் என்னும் கொசு இனம் நோயாளியைக் கடித்து, பிறகு நல்ல உடம்புக்காரனைக் கடிப்பதால் நோய் பரவுகிறது என்பது அதன் பின் உறுதியாயிற்று. ஆனால் அதை அறிந்துகொண்டு ஒரு பட்டணத்தையே காய்ச்சலிலிருந்து காப்பாற்றிக் காட்டியவர்கள் அன்று மிகச் சிலரே. பனாமாக் கால்வாய்ப் பகுதியில் அமெரிக்கர்கள் 1904-ல் தொடங்கிய புகழ்பெற்ற கொசு ஒழிப்பு வேலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிள்ளானில் அது தொடங்கியது.

நோயாளிக்குக் கொயினா கொடுத்துக்கொண்டே இருந்தால் போதாது, கொசு பிறக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று இளைஞரான வாட்சன் கருதினார். கருத்து அவரிடம் இருந்தது. பணமும் அதிகாரமும் இல்லை. அந்த இடத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் சிலாங்கூரின் தலைமை வைத்தியராக இருந்த டாக்டர் டிராவர்ஸ். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் டிராவர்ஸ் சாலை என்று நாம் அறிந்த சாலை இவர் பெயரால் வந்ததே. பிற்காலத்தில் தொழுநோயாளிகளுக்கென்று சுங்கை பூலோவில் 1930-ல் திறக்கப்பட்ட குடியேற்றத்துக்கும் முன்னின்று பாடுபட்டவர் இவர். தமக்குக் கீழே வேலை பார்த்த இளைய வைத்தியரின் யோசனையை அலட்சியம் செய்யாமல் சர்க்கார் வரைக்கும் எடுத்துச் சென்று ஆதரித்தார். ஒருவர் வேலையை மற்றவர் தாங்கிய இந்த நட்பினால் கிள்ளான் பிழைத்தது.

வேலை ஆரம்பமாயிற்று. ஊருக்குள் இருந்த புதர்க்காட்டை வெட்டினார்கள். குன்றுகளின் அடியில் கால்வாய் தோண்டிக் கசிவுநீரை மறித்து வடித்தார்கள். பள்ளங்களைத் தூர்த்தார்கள். துறைமுகத்தில் கண்டல் மரங்களை வெட்டி, கடல்நீர் ஏறாதபடி கரை கட்டி, உள்ளே நின்ற நீரை வெளியேற்றினார்கள். இரண்டு இடங்களுக்கும் சேர்த்துச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பவுன் செலவாயிற்று.

இனி வரவைப் பாருங்கள். கிள்ளான், துறைமுகம் ஆகிய இரண்டிலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901-ல் 368 பேர். மறு ஆண்டு 59 பேர். 1905-ல் 45 பேர். கிள்ளான் பட்டணத்திலிருந்து மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1901-ல் 334 பேர். 1905-ல் 12 பேர் மட்டுமே. துறைமுகத்திலிருந்து சேர்ந்தவர்கள் 188 பேராக இருந்து 11 பேராகக் குறைந்தார்கள்.

மூன்றாவது ஒரு கணக்கும் உண்டு. கால்வாய் வெட்டப்படாத மற்ற பகுதிகளிலிருந்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா நோயாளிகள் 1901-ல் 197 பேர். 1905-ல் 353 பேர். அதாவது, காய்ச்சல் தானாகத் தணிந்துவிடவில்லை. கால்வாய் ஓடிய எல்லைக்குள் குறைந்தது. எல்லைக்கு வெளியே ஏறியது. இந்த மூன்றாவது கணக்கைக் கண்டு வாட்சன் சும்மா இருக்கவில்லை. அந்த 353 பேர் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று தேடிப் போனார்.

அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து நம் தமிழ் மக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து லயன் வீடுகளில் குடியேற்றினார்கள். 1911-ல்கூட மலாய் நாட்டுக் கூட்டரசின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு ஏறத்தாழ 63 பேர் ஒரே ஆண்டில் இறந்தார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். வாட்சன் சர்க்கார் உத்தியோகத்தை விட்டு விலகித் தோட்டங்களுக்கு வைத்தியரானார். லயன் லயனாகச் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். எந்த லயனில் எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம், அந்த லயனுக்கும் சதுப்புக் காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்துவைத்தார். காட்டிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த லயன்களில் பிள்ளைகள் சுகமாக இருப்பதைக் கண்டார். கடற்கரைச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் போய்விடும் என்பது தெளிவாயிற்று.

ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. அங்கேயும் காட்டை வெட்டினார்கள், ஓடைகளைச் சுத்தம் செய்தார்கள், காய்ச்சலோ கூடிற்று. முதலில் புதிராக இருந்த இதை வாட்சன் பொறுமையாக ஆராய்ந்தார். சமவெளியில் நோய் பரப்பிய கொசு மரநிழலில் தேங்கிய நீரில் பிறப்பது. மேட்டில் நோய் பரப்பியது வேறொரு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பிறப்பது. மரங்கள் நின்றவரை ஓடை நிழலில் இருந்தது. அந்தக் கொசுவுக்கு இடமில்லை. மரத்தை வெட்டியதும் வெயில் விழுந்தது, கொசு குடியேறியது. மனிதன் தன் கையாலேயே நோயை அழைத்துக்கொண்டான்.

ஆகவே மேட்டு நிலத்துக்கு வேறு வழி கண்டார். ஓடையின் நீரை மண்குழாய்கள் வழியாகப் பூமிக்கடியில் ஓடவிட்டார். அது முடியாத இடங்களில் 1914 முதல் நீரின் மேல் எண்ணெய் தெளித்துப் புழுக்களை மூச்சடைக்கச் செய்தார். நிழல் உள்ள ஓடைக்காட்டைக் கண்மூடித்தனமாக வெட்டலாகாது என்றும் எச்சரித்தார். எந்தக் கொசு நோய் பரப்புகிறதோ, அது எந்த நீரை விரும்புகிறதோ, அதை மட்டும் கண்டு மாற்றினால் போதும் என்னும் இந்த முறையை அண்டையிலிருந்த இந்தோனேசியத் தீவுகளில் டச்சு வைத்தியர்களும் கைக்கொண்டார்கள்.

இந்த அனுபவங்களையெல்லாம் வாட்சன் 1911-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு மலேரியாத் தடுப்புக்கென்று மலாய் நாடுகளில் ஆலோசனைச் சபை ஒன்றும் ஏற்பட்டது. 1924-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928-ல் லண்டன் சென்று, ரொனால்டு ராஸ் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் மலேரியாப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். ஆப்பிரிக்காவில் வட ரொடீஷியாவின் செம்புச் சுரங்கப் பகுதியிலும் (இன்றைய ஜாம்பியா) கிள்ளானில் கற்ற பாடத்தைக் கொண்டு காய்ச்சலைக் குறைத்தார். 1955 டிசம்பரில் தமது 82-ஆம் வயதில் காலமானார்.

அவர் காலத்து வேலையில் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. கண்டல் காடு அன்று ஒழிக்கத் தக்க சேறாகவே தோன்றிற்று. அலையின் வேகத்தைத் தணித்து, கரையை அரிப்பிலிருந்து காத்து, மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளர இடம் கொடுப்பது அதுவே என்று இன்று அறிவோம். தோட்ட முதலாளிகள் சுகாதாரத்துக்குப் பணம் கொடுத்ததிலும் தர்மத்தைவிட லாபக் கணக்கே பெரிதாக இருந்தது. ஆயினும் இறந்தவர் தொகை குறைந்தது உண்மை. அதில் நம் மக்களின் உயிர் ஆயிரக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

இன்றைய மலேசியாவில் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா 2018 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் மற்றொரு வகை, பெரும்பாலும் சபா, சரவாக்கில், காடு வெட்டும் இடங்களின் ஓரத்தில் மனிதனைப் பிடிக்கிறது. நம் சிலாங்கூரிலோ டெங்கி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சதுப்பைத் தேடாமல் வாளி, டின், பூச்சட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரைத் தேடுவது. அதாவது, அது நம் கடைப் புறத்திலேயே பிறக்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கடை நண்பரின் மகன் டெங்கிக் காய்ச்சலில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சுகாதார அதிகாரிகள் வரிசைக் கடைகளைச் சோதித்தபோது, என் கடையின் பின்சந்தில், நான் தூக்கியெறிந்த பீப்பாய் மூடியில் நின்ற நீரில் புழு நெளிந்தது. அபராதம் கட்டினேன். அது பெரிதல்ல. அந்த நீரைப் பல நாள் பார்த்தும், வயதில் மூத்த எனக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கியதாக அந்த நண்பர் பிறகு சொன்னார். தினமும் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள் நாங்கள். அவர் வாய் திறக்கும்படி நான் நடந்துகொள்ளவில்லையே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை. பிள்ளை பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆகையால் நம் கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் பத்து நிமிஷம் கடையின் முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும்; ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் கொசு பிறவாது. கொட்டுவதோடு நில்லாமல் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். காய்ச்சல் என்று வருபவருக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை விற்காதீர்கள். டெங்கியாக இருந்தால் அவை ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பின்சந்தில் நிழல் தரும் மரம் நின்றால் அதை வெட்டச் சொல்லாதீர்கள். அடியில் கிடக்கும் டின்னை எடுங்கள். பக்கத்துக் கடையில் தண்ணீர் நிற்கக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால் கோபியாமல் கேளுங்கள்.

டாக்டர் வாட்சன் கால்வாய் வெட்டிய எல்லைக்குள்ளே மட்டும் கணக்குப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தால், எல்லைக்கு வெளியே கிடந்த நம் மக்களை யாரும் தேடிப் போயிருக்கமாட்டார்கள். நம் கடை வாசலோடு நம் கணக்கும் முடிந்துவிடக் கூடாது. வல்ல இறைவன் நமக்கும் நம் அண்டை அயலார்க்கும் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.