மசாமுனே

கோரோ நியூதோ மசாமுனே என்பவர் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற வாட்கொல்லர் ஆவார். இவர் கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சகாமி மாகாணத்தின் காமகுரா நகரில் வாழ்ந்தார். ஜப்பானிய வாள் செய்கையின் ஐந்து பெரும் மரபுகளில் ஒன்றாகிய சோஷு மரபை முழுமைப்படுத்தியவர் இவரே. இவரது பெயர் பொறிக்கப்பட்ட அலகுகள் மிகச் சிலவே கிடைத்துள்ளன. எனவே இவருடைய படைப்புகளுள் பெரும்பாலானவை எஃகின் தன்மையைக் கொண்டே அடையாளம் காணப்பட்டுள்ளன.

வாழ்க்கை

மசாமுனேயின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள் உறுதியாகத் தெரியவில்லை. கோரோ என்பது அவரது வழக்குப் பெயர். நியூதோ என்பது தலையை மழித்துப் பௌத்த நெறியை ஏற்ற இல்லறத்தாரைக் குறிக்கும் பட்டம். அவர் ஷின்தோகோ குனிமிட்சுவிடம் தொழில் கற்றார் என்பது மரபு. அக்காலத்தில் காமகுரா, ஷோகுன் அரசின் தலைநகராக இருந்தது. 1274, 1281 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மங்கோலியப் படையெடுப்புகளுக்குப் பின்னர் உறுதியான வாள்களுக்கான தேவை பெருகியதும் சோஷு மரபின் வளர்ச்சிக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

இவருக்குப் பின் சதாமுனே என்பவர் இம்மரபைத் தொடர்ந்தார். அவர் மசாமுனேயின் மகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. மசாமுனேக்குப் பத்து மாணவர்கள் இருந்ததாக ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அவர்களுள் சிலரின் காலமும் பாணியும் பொருந்தாததால், அது பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் கருத்து. மசாமுனேயும் முராமாசாவும் தத்தம் வாள்களை ஓடையில் நிறுத்திப் போட்டியிட்டனர் என்னும் கதையும் வரலாறு அன்று. முராமாசா 1500ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்தவர்.

தொழில்நுட்பம்

ஜப்பானிய வாளுக்கான எஃகு, தத்தாரா எனப்படும் களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் சேர்த்து எரித்துப் பெறப்படுகிறது. இதன் சிறந்த பகுதி தமாஹகானே எனப்படும். இதில் கரிமம் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆகவே கொல்லர் அதனைக் காய்ச்சி, தட்டி நீட்டி, மடித்து, மீண்டும் ஒட்டவைக்கிறார். பத்து முறை மடித்தால் 1024 அடுக்குகள் உண்டாகும். இதனால் கசடு வெளியேறுகிறது. கரிமமும் சீராகப் பரவுகிறது.

வடிவம் பெற்ற அலகின் மீது களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் ஆகியவற்றின் கலவை பூசப்படும். முதுகுப் பக்கத்தில் பூச்சு தடிப்பாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் இருக்கும். செஞ்சூட்டில் அலகை நீரில் தோய்த்ததும் விளிம்பு விரைவாகக் குளிர்ந்து மார்ட்டன்சைட்டு என்னும் மிகக் கடினமான அமைப்பாக மாறுகிறது. முதுகு மெதுவாகக் குளிர்வதால் முறியாத மென்மையுடன் நிற்கிறது. மார்ட்டன்சைட்டு சற்று விரிவடைவதால் அலகு முதுகுப்புறமாக வளைகிறது. தோய்க்கும்போது விரிசல் விழுந்தால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீணாகும்.

வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவு பெரிய மார்ட்டன்சைட்டு மணிகள் நியே எனப்படுகின்றன. உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தோய்த்தால் இவை மிகுதியாக உருவாகும். ஆனால் அலகு வெடிக்கும் ஆபத்தும் கூடும். மசாமுனேயின் அலகுகளில் நியே மணிகள் செறிந்து, பனித்துளிகள் போல ஒளிர்கின்றன. விளிம்புப் பகுதியில் கின்சுஜி என்னும் ஒளிக்கோடுகளும், உடற்பகுதியில் சிகெய் என்னும் கருங்கோடுகளும் ஓடுகின்றன. இவற்றைக் கொண்டே வல்லுநர்கள் அவருடைய கைவண்ணத்தை இனங்காண்கின்றனர்.

பெயர் பற்றிய ஐயம்

வாட்கொல்லர்கள் தம் பெயரைப் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் பொறிப்பது வழக்கம். பிற்காலத்தில் நீண்ட வாள்கள் அடிப்பகுதியில் வெட்டிக் குறுக்கப்பட்டபோது பல பெயர்கள் அழிந்தன. மசாமுனே பெரும்பாலும் பெயர் பொறிக்கவே இல்லை என்றும் கூறப்படுகிறது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோயோடோமி ஹிடேயோஷி தம் கீழிருந்த தலைவர்களுக்கு வாள்களைப் பரிசளித்தார். வாள்களை மதிப்பிடும் பணி ஹோனாமி குடும்பத்தினரிடம் இருந்தது. இக்காலத்தில் மசாமுனேயின் மதிப்பு மிகவும் உயர்ந்தது. 1896இல் இமாமுரா சோகா என்னும் வாள் அறிஞர், இப்புகழ் அரசியல் தேவைக்காகப் புனையப்பட்டது என வாதிட்டார். இது பெரும் விவாதத்தை எழுப்பியது. ஆனால் 14ஆம் நூற்றாண்டு நூலொன்றிலேயே கோரோ நியூதோ சிறந்த கொல்லராகக் குறிப்பிடப்படுகிறார். ஃபுடோ மசாமுனே, கியோகோகு மசாமுனே போன்ற பெயர் பொறித்த குறுவாள்களும் உள்ளன. எனவே மசாமுனே வாழ்ந்தவர் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது.

புகழ்பெற்ற அலகுகள்

ஹோஞ்ஜோ மசாமுனே: டோக்குகாவா ஷோகுன்களின் குடும்பச் சொத்தாக விளங்கிய வாள். 1939இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆயுதங்களை ஒப்படைக்கும் ஆணையின்படி 1945 டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் இது காணாமற்போனது.

ஷிமாசு மசாமுனே: நெடுங்காலம் இருப்பிடம் அறியப்படாதிருந்த இவ்வாள், கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டு, 2014இல் மசாமுனேயின் படைப்பென உறுதிசெய்யப்பட்டது.

ஹோச்சோ மசாமுனே: ஹோச்சோ என்பது சமையற்கத்தியைக் குறிக்கும் சொல். குட்டையாகவும் மிக அகலமாகவும் இருப்பதால் மூன்று குறுவாள்கள் இப்பெயர் பெற்றன. இவை மூன்றும் தேசியச் செல்வங்கள். நகோயாவின் டோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் ஒன்றும், டோக்கியோவின் எய்செய் புன்கோவில் ஒன்றும் உள்ளன.

தாக்கம்

1876இல் வாள் அணிவது தடை செய்யப்பட்டபின் வாட்கொல்லர் பலர் கத்திகளும் கருவிகளும் செய்யத் தொடங்கினர். மீனை மெல்லியதாக அரிய உதவும் யானகிபா கத்தியின் ஹோன்யாகி வகை, இன்றும் களிமண் பூசித் தோய்க்கும் முறையிலேயே செய்யப்படுகிறது. மசாமுனேயின் வழித்தோன்றல்கள் எனக் கூறும் குடும்பத்தின் பட்டறை ஒன்று காமகுராவில் வாள்களும் சமையற்கத்திகளும் செய்து வருகிறது. ஜப்பானில் இக்கால வாட்கொல்லர்களுக்கான மிக உயர்ந்த விருதும் மசாமுனேயின் பெயராலேயே வழங்கப்படுகிறது.