முள்ளில் கண்ட உண்மை

நம் சிங்கம்புணரியில் கயிறு திரிக்கும் இடங்களைக் கடக்கும்போது நார்த்தூசி மூச்சோடு உள்ளே செல்கிறது. அத்தூசியையும் கிருமிகளையும் பிடித்து விழுங்கும் காவல் அணுக்கள் நம் நுரையீரலில் உள்ளன. இத்தகைய விழுங்கும் அணுக்களின் பணியை உலகுக்கு உணர்த்திய மேதை இலியா மெச்னிகாவ் ஆவார்.

இவர் 1845-ஆம் ஆண்டு இன்றைய உக்ரைன் நாட்டில், கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். விலங்கியல் கற்று ஒடெஸா பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 1869-இல் லுட்மிலா என்ற மங்கையை மணந்தார். நோயால் மெலிந்திருந்த மணமகளை நாற்காலியில் அமர்த்தியே தேவாலயத்திற்குத் தூக்கி வந்தனர். கண்ணை இமை காப்பதுபோல் கணவர் காத்தும், 1873-இல் காசநோய் அவர் உயிரைப் பறித்தது. மெச்னிகாவ் வாழ்வையே வெறுத்தார். ஆயினும் அறிவியல் அவரை மீண்டும் எழுப்பியது.

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்தனர். இவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடிபோல் உள்ளே தெரியும் உடல் கொண்டது. அதில் சிறு முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! மனித உடலுக்குள் காண இயலாததை ஒரு சிறு கடல் உயிரிடம் கண்டார்.

இரத்த நீரே கிருமிகளைக் கொல்கிறது என்று கூறிய அறிஞர் பலர் இவரை எதிர்த்தனர். இவர் தளரவில்லை. 1888-இல் லூயி பாஸ்டர் பாரிஸில் இவருக்கு ஆய்வுக்கூடம் தந்தார். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. எனவே 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசை இவரும், மறுதரப்பைச் சேர்ந்த பால் எர்லிக்கும் பகிர்ந்து பெற்றனர். இவருடைய மாணவர் ஹாஃப்கின் 1893-இல் நம் நாட்டிற்கு வந்து காலரா தடுப்பூசி போட்டார். 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியும் கண்டார். புளித்த பால் உடலுக்கு நன்மை தரும் என்று மெச்னிகாவ் எடுத்துரைத்தார். நம் வீட்டுத் தயிருக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா? 1916-இல் பாரிஸில் இவர் மறைந்தார்.

இன்று மனித மூச்சுப்பாதையின் அணுக்களை மெல்லிய சவ்வின்மேல் வளர்க்கின்றனர். மேலே காற்றும் கீழே ஊட்டநீருமாக அமைத்து, விழுங்கும் அணுக்களையும் சேர்த்து ஆராய்கின்றனர். லுட்மிலாவைக் கொன்ற காசநோய்க் கிருமி அந்தக் காவல் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ வல்லது. அதை வெல்லும் வழியை இன்றும் தேடுகின்றனர். தோழியரே, துன்பத்தில் துவண்டுவிடாமல் உழைத்த இம்மேதையைப் போல் நாமும் கற்போம். அந்தத் தேடலில் பங்கு பெறுவோம்!

பத்தாம் வகுப்பு மாணவி