இயந்திர நுட்பம் அறிந்த ஜி. டி. நாயுடு

மோட்டார் வண்டி ஒன்று வழியில் நின்றுவிடுகிறது. எவ்வளவு முடுக்கினும் உறுமுகிறதேயன்றிக் கிளம்பவில்லை. அந்நிலையில் விதியை நொந்து அமர்வோர் பலர். காரணம் யாதென ஆராயப் புகுவோர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்து விளங்கியவர் ஜி. டி. நாயுடு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், வேளாண் குடும்பம் ஒன்றில் துரைசாமி பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளியில் அவர் மனம் பொருந்தவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது.

அக்காலத்தில் சிற்றூர் மக்கள் மாட்டு வண்டியன்றி வேறு ஊர்தியைப் பெரிதும் அறியார். ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைத் துரைசாமி கண்டார். காளையும் குதிரையும் இன்றி ஓடும் அவ்விந்தை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டியொன்றை வாங்கியே தீர்வது என உறுதி பூண்டார். கோவைக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொடுத்து, ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் அதனை ஓட்டி மகிழ்வதோடு அமையவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றலானார். மீண்டும் பூட்ட இயலாது போயின், மூன்றாண்டு உழைப்பும் வெறும் இரும்புத் துண்டுகளாய்க் கிடக்கும். கற்பிக்க ஆசிரியரும் இலர். எனினும் அவர் அஞ்சவில்லை. ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் தொழிலையும் உற்று நோக்கினார். கழற்றியவாறே பூட்டியும் முடித்தார்.

பெட்ரோல் எஞ்சின் இயங்க வேண்டுவன மூன்று. காற்றோடு அளவாய்க் கலந்த பெட்ரோல் உட்செல்ல வேண்டும். அக்கலவை உருளையினுள் நன்கு நெருக்குண்ண வேண்டும். உரிய நொடியில் மின்பொறி தோன்ற வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் வண்டி கிளம்பாது. பொறி காலந்தவறித் தோன்றின் வேட்டோசை கேட்கும். தாங்கிகள் தேய்ந்திருப்பின் தட்டும் ஓசை எழும். ஓசை என்பது இயந்திரம் தன் நோயைக் கூறும் மொழியாகும். ஒவ்வொன்றாய்ச் சோதித்து, குற்றமற்றவற்றை நீக்கிக்கொண்டே வந்தால் குற்றமுள்ள உறுப்பு தானே வெளிப்படும். நாயுடு கற்ற தொழிலின் அடிப்படை இதுவே.

பின்னர் அவர் பருத்தி வாணிகத்தில் ஈடுபட்டார். ஈட்டிய பொருளைப் பம்பாயில் இழந்தார். ஆயினும் கைத்தொழிலறிவு அவரை விட்டு நீங்கவில்லை. ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் பேருந்து ஒன்றை வாங்கி, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழில் வளர்ந்து, யூ.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாயிற்று. பிற்காலத்தில் மின் மோட்டார், சவரக் கருவி முதலியன உருவாகவும் அவர் வழிகோலினார்.

கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்றத் துணைநின்று, அதன் முதல்வராகவும் பணியாற்றினார். நான்காண்டுப் படிப்பை ஈராண்டிலேயே கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்காமையால் பதவியைத் துறந்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவர்களே! பழுதுற்ற பொருளைக் கண்டதும் வெறுத்து ஒதுக்காதீர்கள். ஏன் நின்றது என்று வினவுங்கள். பொறுமையோடு விடை தேடுவோர்க்குப் பழுதும் ஓர் ஆசிரியனே.